குறைஞ்ச செலவுல லைட் வச்ச ஷோகேஸ்: பழைய புத்தக அலமாரியை மாத்தலாமா?

#1 தலைக்கவசன்

எல்லாருக்கும் வணக்கம். எட்டு வருஷமா சேர்த்ததுல இப்போ நாற்பத்திரண்டு பொம்மை இருக்கு. முக்கால்வாசி 1/12 அளவு ஆக்‌ஷன் பொம்மைங்க, நிக்க வச்சா 15, 16 செ.மீ. உயரம். அது போக 1/7 அளவுல மூணு சிலை, பீடத்தோட சேர்த்து 23 செ.மீ. வரும்.

இத்தனை நாளா திறந்த அலமாரியிலதான் நிக்குது. போன வாரம் தூசி தட்டும்போது, முக்காடு போட்ட ஒரு பொம்மையோட சுண்டுவிரல் பிரஷ்ல மாட்டி முறிஞ்சுடுச்சு. அந்த விரலைத் தரையில தேடிக் கண்டுபிடிக்கவே முக்கால் மணி நேரம் ஆச்சு. இனிமே மூடின ஷோகேஸ் இல்லாம முடியாதுன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

ரெடிமேட் கண்ணாடி ஷோகேஸ் வாங்குற அளவுக்குக் கையில இல்ல. வீட்டுல ஒரு பழைய புத்தக அலமாரி சும்மா நிக்குது. அகலம் 80, உயரம் 110, ஆழம் 26 செ.மீ. தட்டுகளை மாத்தி வச்சா நாலு அறை, ஒவ்வொண்ணும் உள்ளளவு 25 செ.மீ. உயரம் கிடைக்கும். என் திட்டம் இதுதான்: முன்னாடி 3 மி.மீ. அக்ரிலிக் ஷீட்டைக் கதவா மாட்டுறது, ஒவ்வொரு அறையோட மேற்பலகையிலயும் நட்ட நடுவுல எல்.இ.டி ஸ்ட்ரிப் ஒட்டுறது, தூசி நுழையாம சுத்தி ரப்பர் ஒட்டி முழுசா அடைச்சுடுறது.

இதுல எங்க தப்பு பண்றேன்னு சொல்லுங்க. இன்னும் எதுவும் வாங்கல.

#2 ரசமட்டம்

தம்பி, வாங்குறதுக்கு முன்னாடி கேட்டது நல்லதாப் போச்சு. அலமாரி இருக்குன்னா பாதி வேலை முடிஞ்ச மாதிரிதான். புதுசா பெட்டி அடிச்சா பலகை, திருகு, அறுப்புக் கூலின்னு போறதெல்லாம் உனக்கு மிச்சம். மிச்சமானதை லைட்டுல போடு, வேற எதுலயும் போடாதே.

முதல்ல அலமாரி சதுரமா நிக்குதான்னு பாரு. மூலைக்கு மூலை குறுக்கா டேப் வச்சு ரெண்டு பக்கமும் அள. 80க்கு 110ன்னா குறுக்களவு 136 செ.மீ. வரணும். ரெண்டு அளவும் ஒத்து வரலைன்னா பெட்டி சாஞ்சிருக்குன்னு அர்த்தம். பின்பலகை ஆணியைத் தளர்த்தி, தள்ளி நேராக்கி, திருகு போட்டு இறுக்கு. கோணல் பெட்டிக்குக் கதவு போட்டா கீலை எத்தனை தடவை திருப்பினாலும் ஒரு மூலை தூக்கிக்கிட்டேதான் நிக்கும்.

அடுத்தது கதவு. 3 மி.மீ. அக்ரிலிக்கை 80க்கு 110 ஒரே பலகமா தொங்கவிட்டா வில் மாதிரி வளையும். ரெண்டு கதவாப் பிரி. ஒவ்வொண்ணுக்கும் நாலு பக்கமும் மர ரீப்பர்ல சட்டம் போட்டு, உள்பக்கம் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, ஷீட்டை அதுல சும்மா நிக்கவை. ஒட்டவும் கூடாது, இறுக்கித் திருகவும் கூடாது. அக்ரிலிக் வெயிலுக்கு நீளும், குளிருக்குச் சுருங்கும். 20 டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு மீட்டர் ஷீட் ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. நகரும். காடியில சுத்தி 2 மி.மீ. இடம் விட்டா அது பாட்டுக்கு நகர்ந்துக்கும். இடம் விடாம திருகினா திருகு ஓட்டையிலேருந்துதான் விரிசல் ஓட ஆரம்பிக்கும்.

#3 பச்சைக்கண்ணாடி

அக்ரிலிக் வேண்டாம்னுதான் நான் சொல்வேன். ரெண்டு வருஷம் துடைச்சீங்கன்னா முடி முடியா கீறல் விழும், அதுக்குள்ள லைட் எரியும்போது ஒவ்வொரு கீறலும் தனித்தனியா மின்னும். போதாததுக்குத் துடைக்கத் துடைக்க நிலைமின்சாரம் ஏறி, பக்கத்துல இருக்குற தூசியையெல்லாம் இழுத்து வச்சுக்கும். கண்ணாடி அப்படியில்ல. பழைய ஜன்னல்லேருந்து கழட்டின 4 மி.மீ. கண்ணாடி கிடைச்சா அளவுக்கு வெட்டி, விளிம்பை மட்டும் தேய்க்கச் சொல்லுங்க. அக்ரிலிக்கை விட மலிவாக்கூட முடியும்.

ஒரே எச்சரிக்கை: அது டஃப்பண்ட் (சூடாக்கி உறுதியாக்கின) கண்ணாடியா இருந்தா வெட்ட முடியாது. வெட்டப் போனா மொத்தமும் பொடிப்பொடியா உதிரும்.

#4 மூன்றாம்தட்டு

பச்சைக்கண்ணாடி சொல்ற கீறல் விஷயம் உண்மைதான். ஆனா எடையையும் பாருங்க. 4 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டர் 10 கிலோ. 3 மி.மீ. அக்ரிலிக் மூன்றரை கிலோ. நண்பரோட முகப்பு 0.88 சதுர மீட்டர். பழைய அலமாரியோட பக்கப் பலகை துகள் பலகையா இருந்தா, கிட்டத்தட்ட 9 கிலோ கண்ணாடியும் சட்டத்தோட எடையும் சேர்ந்து தொங்கும்போது கீல் திருகு பிடி விட்டுடும். எனக்கு அப்படித்தான் ஆச்சு, மேல் கீல் பலகையைப் பிச்சுக்கிட்டு வந்துடுச்சு. அதுக்கப்புறம்தான் அக்ரிலிக்குக்கு மாறினேன்.

கீறலுக்கு வழி இருக்கு. காய்ஞ்ச துணி பக்கமே கொண்டுபோகாதீங்க. மைக்ரோஃபைபர் துணியைத் தண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு, அழுத்தாம ஒரே திசையில இழுக்கணும். ஜன்னல் கண்ணாடி துடைக்கிற ஸ்பிரே, ஸ்பிரிட் ரெண்டும் ஆகாது. அக்ரிலிக் உள்ளுக்குள்ளயே நுணுக்கமா வெடிச்சு சிலந்தி வலை மாதிரி ஆயிடும், அதைத் திருப்பவே முடியாது.

வெட்டுறது ரம்பம் இல்லாமலே முடியும். அக்ரிலிக் கீறுற கத்தி, கொக்கி மாதிரி முனை வளைஞ்சிருக்கும். இரும்பு ஸ்கேலை கிளாம்ப் போட்டு இறுக்கிட்டு, கத்தியை உங்க பக்கம் இழுங்க. முதல் ரெண்டு இழுப்பு லேசா, கோடு மட்டும் விழட்டும். மூணாவதுலேருந்து அழுத்தினா சுருள் சுருளா வெள்ளை நூல் மாதிரி பிசிறு எழும்பி வரும். எட்டு, பத்து தடவையில 1 மி.மீ. பள்ளம் விழுந்துடும். அப்புறம் அந்தக் கோட்டை மேசை விளிம்போட நேரா வச்சு, கீறின பக்கம் மேல இருக்குற மாதிரி பிடிச்சு, தயங்காம ஒரே அமுக்கு. தயங்கினாத்தான் கோடு விட்டு ஓடும். மேல ஒட்டியிருக்குற பாதுகாப்புத் தாளைக் கடைசி நிமிஷம் வரைக்கும் உரிக்காதீங்க.

#5 தலைக்கவசன்

ரொம்ப நன்றி. குறுக்களவு எடுத்துட்டேன். 136, 137.2. சாஞ்சிருக்கு. பக்கப் பலகையும் துகள் பலகைதான், அதனால அக்ரிலிக்கே போறேன். லைட் விஷயத்துல யாரும் எதுவும் சொல்லலையே?

#6 மின்மினி

நான் சொல்றேன். உங்க திட்டத்துல எனக்கு ஒத்துக்காத ஒரே விஷயம் அந்த "நட்ட நடுவுல".

முக்காடு போட்ட பொம்மைன்னு எழுதியிருக்கீங்க. அதைத் திருப்பி வச்சு, தலைக்கு நேர் மேல ஒரு டார்ச்சைப் பிடிச்சுப் பாருங்க. முக்காட்டு விளிம்பு, தோள், மார்பு எல்லாம் பளிச்சுன்னு இருக்கும். முகம் இருக்குற இடத்துல ஒரு கறுப்புக் குழி. இப்போ அதே டார்ச்சை அப்படியே முன்னாடி கொண்டு வாங்க. பொம்மைக்கு ஒரு சாண் முன்னால, மேலேருந்து சாய்வா விழும்போது புருவத்துக்குக் கீழ வெளிச்சம் இறங்கும், மூக்கு தெரியும், கண்ணுல ஒரு சின்னப் புள்ளி வெளிச்சம் உட்காரும். அந்தப் புள்ளி வந்தாத்தான் பொம்மைக்குப் பார்வை வரும். லைட்டோட இடம்தான் முக்கியம், அதோட பவர் இல்ல. நடுவுல பத்து வாட் எரிஞ்சாலும் முகம் இருட்டு, முன்விளிம்புல அதுல மூணுல ஒரு பங்கு போதும்.

அதனால ஸ்ட்ரிப்பை ஒவ்வொரு தட்டோட முன்விளிம்புக்கு உள்பக்கம் கொண்டு போங்க. விளிம்புல 3 செ.மீ. அகல ரீப்பர் ஒண்ணைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டு அதுக்குப் பின்னாடி மறைச்சா, பார்க்குறவங்க கண்ணுல பல்பு படாது. 45 டிகிரி மூலை சேனல்னு அலுமினியத்துல வருது, பால் வெள்ளை மூடியோட. அதைப் பலகையும் ரீப்பரும் சேர்ற மூலையில வச்சா வெளிச்சம் தானா உள்பக்கம் சாஞ்சு போகும். சூடும் அலுமினியத்துல பரவிடும். ஸ்ட்ரிப் பின்னாடி இருக்குற பசையை மட்டும் நம்பி மரத்துல ஒட்டினீங்கன்னா சில மாசத்துல தொங்கும்.

மீட்டருக்கு 60 எல்.இ.டி இருக்குற ஸ்ட்ரிப்புல ஒரு புள்ளிக்கும் அடுத்ததுக்கும் 16.7 மி.மீ. இடைவெளி. மூடி அதை விட நெருக்கமா இருந்தா புள்ளி புள்ளியாத் தெரியும், பளபளப்பான கவசத்துல அத்தனை புள்ளியும் பிரதிபலிக்கும். 120 இருக்குறதோ, இடைவெளியே இல்லாம மஞ்சள் பூச்சுப் பூசின சி.ஓ.பி ஸ்ட்ரிப்போ வாங்கினா அந்தத் தொந்தரவு இல்ல. ஆனா செலவு குறையணும்னா 60 போதும், பால் மூடி போட்டுக்கோங்க.

நிறம்: 4000 கெல்வின். 3000 போனா வெள்ளை கவசம் எல்லாம் பழுப்படிச்ச மாதிரி இருக்கும், 6500 போனா தோல் நிறம் நீலம் பாரிச்சுடும். இன்னொண்ணு, சி.ஆர்.ஐ. (நிறத்தை எவ்வளவு உண்மையாக் காட்டுதுங்கிற அளவு) 90க்கு மேல இருக்கான்னு பார்த்து வாங்குங்க. 80 இருக்குறதுல முதல்ல சாகுறது சிவப்புதான். ஆழமான சிவப்பு அங்கி செங்கல் பொடி மாதிரி தெரியும்.

#7 தலைக்கவசன்

அக்கா, டார்ச் வச்சுப் பார்த்தேன். நீங்க சொன்ன அந்தக் கண் புள்ளி! எட்டு வருஷமா இந்தப் பொம்மை என்கிட்ட இருக்கு, அதோட கண்ணுல பச்சை பெயிண்ட் இருக்குன்னு இப்பத்தான் தெரியும்.

ஒரு சந்தேகம். நாலு தட்டுக்கும் தனித்தனியா ஸ்ட்ரிப் போடுறதுக்குப் பதிலா, கதவுக்குப் பின்னாடி இடது வலது ரெண்டு தூண்லயும் செங்குத்தா ஒரு மீட்டர் ஸ்ட்ரிப் போட்டா வயரிங் சுலபம் இல்லையா?

#8 மின்மினி

அகலம் குறைஞ்ச ஷோகேஸா இருந்தா நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். 40 செ.மீ. வரைக்கும் செங்குத்து ஸ்ட்ரிப் அருமையா இருக்கும், ரெண்டு கன்னத்துலயும் வெளிச்சம் விழும். உங்களுது 80. நீளமான ஸ்ட்ரிப்போட வெளிச்சம் தூரத்துக்கு ஏத்த மாதிரி குறையும், தூரம் நாலு மடங்குன்னா வெளிச்சம் ஏறக்குறைய நாலுல ஒண்ணு. தூண்லேருந்து 10 செ.மீ.ல நிக்குற பொம்மையையும் 40 செ.மீ.ல நடுவுல நிக்குறதையும் ஒப்பிட்டா, ரெண்டு பக்க வெளிச்சத்தையும் கூட்டினாலும் ஓரத்துல இருக்குறது ரெண்டு மடங்குக்கு மேல வெளிச்சமா இருக்கும். நீங்க பெருமையா நடுவுல வைக்கிற பொம்மைதான் மங்கிப் போகும்.

என்னை நம்ப வேண்டாம். ஸ்ட்ரிப் வந்ததும் ஒட்டாம, மாஸ்கிங் டேப் போட்டு ரெண்டு விதமாவும் நிறுத்தி ஒரு ராத்திரி பாருங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க.

மின்கணக்கு: ஒரு தட்டுக்கு 75 செ.மீ. 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை மூணு எல்.இ.டிக்கு ஒரு தடவைதான் வெட்டலாம், 60 ரகத்துல அது 5 செ.மீ. அதனால 75ன்னா சரியா 15 துண்டு. நாலு தட்டுக்கு 3 மீட்டர். மீட்டருக்கு 4.8 வாட் ரகம்னா மொத்தம் 14.4 வாட், 12ஆல வகுத்தா 1.2 ஆம்பியர். அடாப்டர் 2 ஆம்பியர் இருக்கட்டும். முழு பலத்துல ஓடுற அடாப்டர் சீக்கிரம் சூடாகிச் செத்துடும். பழைய இன்டர்நெட் ரூட்டரோட அடாப்டர் இருந்தா எடுத்துப் பாருங்க, நிறைய 12 வோல்ட்தான். மேல அவுட்புட்டுன்னு போட்டிருக்குற இடத்துல டி.சி.ன்னு இருக்கணும், ஆம்பியரும் போதணும், மல்ட்டிமீட்டர்ல பிளஸ் மைனஸ் பார்த்துக்கோங்க.

நாலு ஸ்ட்ரிப்பையும் ஒண்ணோட வால்ல இன்னொண்ணுன்னு தொடரா இழுக்காதீங்க. அடாப்டர்லேருந்து நாலுக்கும் தனித்தனி ஜோடி வயர். அப்படி இல்லேன்னா கடைசித் தட்டு மங்கும். அடாப்டர் எப்பவும் பெட்டிக்கு வெளியில. வீட்டு மின்சாரம் ஷோகேஸுக்குள்ள வரவே கூடாது, 12 வோல்ட் மட்டும் உள்ள வரட்டும்.

#9 பஞ்சுப்பெட்டி

இழை முழுவதையும் படித்தேன். "முழுசா அடைச்சுடுறது" என்ற ஒரு வரியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அதைச் செய்து வருந்தியவன் நான்.

இந்தப் பொம்மைகளில் மென்மையான பாகங்கள் பெரும்பாலும் பி.வி.சி. பி.வி.சி. இயல்பில் கடினமானது. அதை வளையச் செய்வதற்காகக் கலக்கும் பிளாஸ்டிசைசர் காலப்போக்கில் மெல்ல மேற்பரப்புக்குக் கசியும். காற்றோட்டம் இருந்தால் தெரியாது. காற்று அசையாத பெட்டியில், அதுவும் வெப்பத்தில், மேலேயே தங்கிப் பிசுபிசுக்கும். நான் சுற்றிலும் ரப்பர் ஒட்டி மூடியிருந்தேன். பதினான்கு மாதம் கழித்து ஒரு சிலையை எடுத்தபோது கூந்தல் என் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது, விட்டபோது மெல்லிய சத்தம் கேட்டது. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டுக் கழுவினேன், போய்விட்டது. ஆனால் தூசி அதற்குள் அந்தப் பிசுக்கில் பதிந்து, முதுகுப் பக்கம் இன்றும் சாம்பல் படிந்ததுபோல்தான் இருக்கிறது.

ஆகவே பின்பலகையில் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக 2 செ.மீ. துளை போடுங்கள். உள்பக்கம் மெல்லிய வடிகட்டித் துணி ஒட்டுங்கள். விளக்கின் சூட்டில் காற்று மேல் துளை வழியே போகும், கீழ்த் துளை வழியே வடிகட்டிய காற்று வரும். கதவு விளிம்பில் நுரை டேப் போதும்.

அடுத்தது மரம். துகள் பலகையும் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையும் ஃபார்மால்டிஹைடு வெளியிடும். மரம் எதுவானாலும் கொஞ்சம் அசிட்டிக் அமிலமும் வெளியிடும். பிளாஸ்டிக் பொம்மைக்கு இது பெரிய ஆபத்தில்லை. ஆனால் உங்கள் சேகரிப்பில் ஈயம் கலந்த பழைய உலோகப் பொம்மை இருந்தால் கவனம் வேண்டும். மூடிய மரப்பெட்டியில் ஈயம் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும். அருங்காட்சியகங்கள் பெட்டிக்குள் எந்தப் பொருளைப் பயன்படுத்துவதற்கு முன்பும் ஆடி சோதனை செய்வார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆண்ட்ரூ ஆடி 1973இல் வகுத்தது. சோதிக்கும் பொருளோடு வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளை ஈரப்பதத்தோடு மூடி, 60 டிகிரியில் 28 நாள் வைத்து, எந்தத் தகடு நிறம் மாறுகிறது அல்லது அரிக்கிறது என்று பார்ப்பார்கள். நமக்கு அது முடியாது. அறுபட்ட விளிம்புகளையெல்லாம் பெயிண்டாலோ லேமினேட் பட்டையாலோ மூடி, பெயிண்ட் அடித்தபின் குறைந்தது இரண்டு வாரம் கதவைத் திறந்து வைத்தால் போதும்.

#10 பச்சைக்கண்ணாடி

இந்த எச்சரிக்கைப் பட்டியல்ல சிலிகான் பசையையும் சேர்த்துக்கோங்க. வினிகர் வாசனை அடிக்கிற சிலிகான் காயும்போது விடுறதும் அதே அசிட்டிக் அமிலம்தான். எல்.இ.டி ஸ்ட்ரிப்போட செம்பு முனையில அது பட்டா பச்சை பூக்கும். நியூட்ரல் சிலிகான்னு கேட்டு வாங்குங்க.

#11 மூன்றாம்தட்டு

ஒட்டுறதைப் பத்திப் பேச்சு வந்ததால என் கதையையும் எழுதிடுறேன்.

பின்வரிசை பொம்மைகளை உயர்த்த அக்ரிலிக்ல படிக்கட்டு செஞ்சேன். சூப்பர் க்ளூ போட்டு ஒட்டி, ஷோகேஸுக்குள்ளயே வச்சு, பக்கத்துல பொம்மைகளையும் அடுக்கி, ராத்திரி கதவைச் சாத்திட்டேன். காலையில பார்த்தா ஒட்டின மூலையைச் சுத்தி மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி வெள்ளைப் படலம். துணியால துடைச்சேன், போகல. படிக்கட்டு போனாப் போகுதுன்னு விட்டிருப்பேன், பக்கத்துல நின்ன பொம்மையோட கறுப்புக் கோட்டுலயும் அதே வெள்ளை. சூப்பர் க்ளூவோட ஆவி காத்துல இருக்குற ஈரத்தோட சேர்ந்து படிஞ்சிருக்கு. அந்தப் பொம்மை இனிமே கிடைக்காது.

அக்ரிலிக்குன்னே தண்ணி மாதிரி ஒரு கரைப்பான் விக்கிறாங்க. ரெண்டு துண்டையும் மூலைமட்டம் வச்சு நேரா நிறுத்திட்டு, சிரிஞ்ச் ஊசி முனையை இணைப்போட ஓரத்துல தொட்டா போதும். கரைப்பான் தானாவே இணைப்புக்குள்ள ஓடும், வெள்ளையாத் தெரிஞ்ச கோடு கண்ணு முன்னாடியே தெளிஞ்சுக்கிட்டே போகும். அது ஒட்டுறதில்ல, ரெண்டு துண்டையும் கரைச்சு ஒண்ணாக்குறது. ஆனா விளிம்பு மட்டமா இருக்கணும். 220, 400ன்னு உப்புத்தாள் போட்டு, தட்டையான பலகையில வச்சுத் தேய்ச்சுக்கோங்க. ஜன்னலைத் திறந்து வச்சு வேலை பாருங்க, அந்த ஆவி உடம்புக்கு ஆகாது. பொம்மைங்க அடுத்த ரூம்ல இருக்கட்டும்.

26 செ.மீ. ஆழத்துக்கு மூணு வரிசை வரும். ஒவ்வொரு படியும் 4 செ.மீ. உயர்ந்தா போதும், பின்னாடி நிக்குறவங்க நெஞ்சுக்கு மேல தெரியும். மூணாவது படியில 16 செ.மீ. பொம்மை நின்னா 28 ஆயிடும், உங்க அறைக்குள்ள முட்டும். அதனால ரெண்டு படி மட்டும், தரையையும் சேர்த்து மூணு நிலை.

#12 ரசமட்டம்

தம்பி, பின்பலகைக்கு மட் கறுப்போ அடர்ந்த சாம்பலோ அடி. பளபளப்பு வேணாம். கண்ணாடி ஒட்டணும்னு தோணும், ஒட்டினா உன் பொம்மை ரெண்டா தெரியும், கூடவே உன் ஸ்ட்ரிப்பும் உன் முகமும் தெரியும்.

#13 பஞ்சுப்பெட்டி

ஒன்று விட்டுவிட்டேன். எல்.இ.டியில் புற ஊதா கிட்டத்தட்ட இல்லை என்பதால் நிறம் மங்காது என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் சாயத்தை மங்கச் செய்யும், என்ன, மெதுவாக. அந்தச் சேதம் கூட்டுவட்டி போல இல்லை, நேர்க் கணக்கு: எத்தனை லக்ஸ் (பொருளின் மேல் விழும் வெளிச்சத்தின் அளவு), எத்தனை மணி நேரம். துணி, காகிதம் போன்றவற்றுக்கு அருங்காட்சியகங்கள் வைக்கும் வரம்பு 50 லக்ஸ். அதிகம் பாதிக்கப்படாதவற்றுக்கு 200. துணி உடை போட்ட பொம்மைகளைக் கீழ்த்தட்டில், டிம்மர் வைத்துக் குறைத்த விளக்கில் வையுங்கள். ஒரு டைமர் போட்டு மாலையில் நான்கு மணி நேரம் மட்டும் எரியவிட்டால், எட்டு மணி நேரத்துக்குப் பாதிச் சேதம்.

அதைவிடப் பெரிய எதிரி ஜன்னல். சாதாரணக் கண்ணாடி புற ஊதாவில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும். அலமாரியை ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் வைக்காதீர்கள்.

#14 தலைக்கவசன்

மூணு வாரம் ஆச்சு. செஞ்சது வரைக்கும் எழுதுறேன்.

பெட்டியை நேராக்கிட்டேன், இப்போ ரெண்டு குறுக்களவும் 136.1. ரசமட்டம் அண்ணா சொன்ன மாதிரி ரெண்டு கதவு, ரீப்பர் சட்டம், காடியில அக்ரிலிக் லேசா ஆடுது. சட்டத்துல மேல கீழ ரெண்டு சின்ன காந்தம் வச்சு மூடுறேன், பூட்டு எதுவும் போடல. மூணு ஷீட் வெட்டினதுல ஒண்ணு தயங்கி அமுக்கி கோணலாப் போச்சு. அதைத்தான் படிக்கட்டுக்கு எடுத்துக்கிட்டேன்.

மின்மினி அக்கா சொன்ன சோதனையைச் செஞ்சேன். டேப் போட்டு ரெண்டு தூண்லயும் செங்குத்தா ஒட்டிப் பார்த்தப்போ ஓரத்துல இருந்தவங்க ஜொலிச்சாங்க, நடுவுல இருந்த சிலை இருட்டுக்குள்ள நிக்குற மாதிரி இருந்துச்சு. பலகைத் தட்டுங்கிறதால நிழலும் குறுக்கா விழுந்துச்சு. அதே ஸ்ட்ரிப்பை முன்விளிம்புக்குக் கொண்டு வந்ததும் அந்த நிமிஷமே முடிவு பண்ணிட்டேன்.

பழைய ரூட்டர் அடாப்டர் கிடைச்சது, 12 வோல்ட், 2 ஆம்பியர். பின்பலகையில ரெண்டு துளையும் போட்டாச்சு, வயர் கீழ்த்துளை வழியாவே வருது. மேல மூணு தட்டு முடிஞ்சது.

பிரச்சினை ரெண்டாவது தட்டுல. கதவைச் சாத்தும்போது ஸ்ட்ரிப் ஒரு தடவை கண் சிமிட்டுது. சில சமயம் இடது பாதி அணைஞ்சே போகுது, தட்டினா எரியுது. சால்டர் பண்ணத் தெரியாததால கிளிப் கனெக்டர் போட்டிருக்கேன்.

#15 மின்மினி

இடது பாதி மட்டும் அணையுதுன்னா கோளாறு ஸ்ட்ரிப்புக்கு நடுவுல இருக்குற கிளிப்லதான். அந்தத் தட்டுக்கு மீதமிருந்த ரெண்டு துண்டைச் சேர்த்திருக்கீங்கன்னு நினைக்கிறேன். கிளிப்போட பல்லு ஸ்ட்ரிப்போட செம்பு முனையைச் சும்மா தொட்டுக்கிட்டு மட்டும்தான் நிக்குது, கதவு அதிர்ந்தா விலகுது. விலகுற இடம் சூடும் ஆகும், அதனால அப்படியே விடாதீங்க.

சால்டரிங் பயப்படுற வேலை இல்ல. சால்டரிங் அயர்ன் முனை 350 டிகிரி போதும். முதல்ல செம்பு முனையில ஈயப் பொட்டு ஒண்ணு வைங்க, ரெண்டு வினாடிக்கு மேல முனையைத் தொட்டுக்கிட்டு இருக்காதீங்க, செம்பு உரிஞ்சு வந்துடும். வயர் நுனியிலயும் ஈயம் ஏத்துங்க. அப்புறம் வயரைப் பொட்டு மேல வச்சு முனையால தொட்டா ரெண்டும் உருகி ஒண்ணாகும், முனையை எடுத்துட்டு அஞ்சு வினாடி கை ஆடாம பிடிங்க. பளபளன்னு இருந்தா நல்ல பிடிப்பு, சொரசொரப்பா இருந்தா இன்னொரு தடவை. முதல்ல மிச்சமிருக்குற வெட்டுத் துண்டுல நாலஞ்சு தடவை பழகுங்க.

#16 ரசமட்டம்

சால்டர் பண்ணும்போது தட்டைக் காலி பண்ணிடு தம்பி. ஈயச் சொட்டு விழுந்தா பொம்மை தாங்காது.

#17 தலைக்கவசன்

வெட்டுத் துண்டுல ஆறு தடவை பழகினேன். அஞ்சாவது பளபளப்பா வந்துச்சு, ஆறாவதும். அப்புறம் தட்டைக் காலி பண்ணிட்டு ரெண்டாவது தட்டுல போட்டேன். கதவை இருபது தடவையாவது சாத்திப் பார்த்திருப்பேன், கண் சிமிட்டல.

முறிஞ்ச விரலை வெளியில, காத்தாட, ஒரே ஒரு துளி பசையில ஒட்டி ரெண்டு நாள் அப்படியே விட்டேன். முக்காடு போட்ட பொம்மையை மூணாவது தட்டுல நடுவுல நிறுத்தியிருக்கேன். விளக்கை அணைச்சுட்டு ஷோகேஸ் லைட்டை மட்டும் போட்டா, கதவுக்கு இந்தப் பக்கம் நின்னே பச்சைக் கண்ணு தெரியுது.

நாலாவது தட்டு துணி உடை போட்டவங்களுக்கு. டிம்மர் வந்ததும் அதையும் முடிச்சுட்டு படம் போடுறேன்.